தலையைச் சுற்றி மூக்கைத் தொடலாமா?

பிரயாணம் கிளம்புகிறவர்களிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எவ்வளவு தூரம்? எத்தனை நேரம்?" என்பவையே அவை. "கட்டுச்சாதம் வேண்டுமா?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. ஆனால் அது முதல் இரண்டுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

இந்தக் காலத்தில் அந்த முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லக் கணக்கு யந்திரங்கள் ஏற்பட்டிருக்கின்றன. பூமியின் எந்த மூலையிலும் உள்ள இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனை கிலோ மீட்டர், இத்தனை நிமிஷம் என்று விடை வந்து நிற்கிறது. விடை தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவருடைய கதி என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு இந்த வாரம் பார்க்கலாம் என்று உத்தேசம்.

உதாரணத்துக்காக வட துருவத்தின் பக்கம் போக வேண்டியிருக்கிறது. நேயர்கள் ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்வது நலம்.

✻

உலகப் படத்தின் உச்சியில், கானடா தேசத்துக்குச் சொந்தமான எல்ஸ்மியர் என்னும் பெரிய தீவு ஒன்று இருக்கிறது. அதற்குக் கிழக்கே, வடபுறத்தில் குறுகியும் தென்புறத்தில் விரிந்தும் கிடக்கும் ஒரு கடல். அந்தக் கடலுக்கு அப்பால் டென்மார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த கிரீன்லாந்து.

எல்ஸ்மியர் தீவின் தென் கரையில் இருப்பது கிரைஸ் ஃபியோர்டு என்ற கிராமம். 2021-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே வசித்தவர்கள் 144 பேர். கானடாவில் குடும்பம் குழந்தைகளோடு மக்கள் வாழும் ஊர்களில் இதற்கு வடக்கே வேறு ஊர் கிடையாது. ஸ்வெர்ட்ருப் என்ற நார்வே நாட்டு யாத்ரிகர் 1898 முதல் 1902 வரை இந்தப் பிரதேசங்களைச் சுற்றி ஆராய்ந்தார். இங்கே வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல் பிராணிகள் போட்ட சத்தம் அவர் காதுக்குப் பன்றிகள் உறுமுவதுபோல் கேட்டதாம். உடனே தம்முடைய பாஷையில் 'பன்றிக் கழி' என்று பெயர் வைத்துவிட்டார். அதே இடத்துக்கு அங்கே வாழும் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவுயுயித்துக்'. ஒரு நாளும் உருகாத இடம் என்று பொருள். பார்க்க வந்தவர் வைக்கும் பெயருக்கும் இருந்து வாழ்கிறவர் வைக்கும் பெயருக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

எதிர்க்கரையில், கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில், கானாக் என்ற ஊர் இருக்கிறது. இது சற்றுப் பெரிய ஊர். ஏறக்குறைய 650 பேர் வசிக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இனத்தார். 'எஸ்கிமோ' என்று பழைய பாடப் புத்தகங்களில் நாம் படித்த ஜனங்கள்தான். அவர்கள் தங்களை 'இனூயிட்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மனிதர்கள் என்பதே அதன் அர்த்தம். கானாக் பக்கத்தில் உள்ள பிரிவினருக்கு 'இனுகுயிட்' என்று பெயர். இரு கரையிலும் ஸீல், வால்ரஸ், திமிங்கலம் இவைகளே வேட்டை. இரு கரையிலும் குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியன் தலை காட்டுவதில்லை. கோடையில் அவ்வளவு நாளும் சேர்த்து வைத்து இரவிலும் மறையாமல் நிற்கிறான்.

இரண்டு ஊரிலும் விமான நிலையம் உண்டு. கானாக்கில் சரளைக்கல் பரப்பிய 900 மீட்டர் ஓடுபாதை. கிரைஸ் ஃபியோர்டில் இருப்பதும் சரளைப் பாதைதான், அதைவிடக் குட்டை. மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். பெரிய விமானம் எதுவும் அங்கே இறங்க முடியாது. 'ட்வின் ஆட்டர்' என்ற, அதிகமாய்ப் போனால் 19 பேர் உட்காரக்கூடிய, இரட்டை எஞ்சின் விமானம்தான் அந்த ஊருக்கு வாகனம். அது 1965-ல் முதல் முதலாகப் பறந்த கானடாத் தயாரிப்பு. சிறிய இடத்தில் இறங்கிச் சிறிய இடத்தில் ஏறுவதில் அதற்கு நிகர் குறைவு.

✻

இப்போது கணக்கு யந்திரத்தின் பக்கம் திரும்புவோம். கிரைஸ் ஃபியோர்டிலிருந்து கானாக்குக்கு எவ்வளவு தூரம்? சுமார் 360 கிலோ மீட்டர்.

இந்தத் தூரம் எப்படி வந்தது என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க வேண்டுமானால் ஓர் ஆரஞ்சுப் பழமும் ஒரு நூலும் போதும். பழத்தின்மேல் இரண்டு புள்ளி வைத்து, நூலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. ஆகாயத்தில் மேடு பள்ளமோ வேலியோ கிடையாது அல்லவா? ஆகையால் விமானத்தின் தூரத்தை இப்படித்தான் அளக்கிறார்கள்.

தோலை உரித்துப் பார்த்தால் இன்னொரு விஷயமும் விளங்கும். சுளைகள் நடுவில் பருத்திருக்கின்றன; காம்புக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் போகின்றன. பூமியின் தீர்க்க ரேகைகளும் அப்படியே. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறக்குறைய பதின்மூன்றரைப் பாகை தீர்க்க ரேகை வித்தியாசம் இருக்கிறது. பூமத்திய ரேகையில் அது 1,500 கிலோ மீட்டராகும். துருவத்துக்குப் பக்கத்தில் அதே பாகைகள் 350 கிலோ மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. சுவரில் மாட்டும் உலகப் படங்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பிரதேசம் இழுத்துக் கட்டிய ரப்பர்போல் அகன்று காணப்படுவதால் ஊர்கள் வெகு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவை அண்டை வீடுகள்.

சரி, நேரம் எவ்வளவு? ஜெட் விமானத்தின் வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு யந்திரம் அரை மணிக்கும் குறைவாகவே சொல்லும். ஜெட் விமானம் அந்தச் சரளையில் இறங்காது என்பது யந்திரத்துக்குத் தெரியாது. ட்வின் ஆட்டர் மணிக்கு 270 கிலோ மீட்டர் போவதாக வைத்துக்கொண்டால், 360 கிலோ மீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிஷம். அதுவும் பிரமாதமில்லை. ஒரு பாட்டுக் கச்சேரியில் பாதிகூட முடிந்திராது. கட்டுச்சாதம் தேவையில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் ஒரு சிறு சங்கடம். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கால அட்டவணை போட்டுக்கொண்டு போகும் விமானம் ஒன்றுகூட இல்லை.

✻

அப்படியானால் டிக்கட் வாங்கிக்கொண்டு போகிற பிரயாணி எப்படிப் போவது? நெடுங்காலமாக உள்ள வழியைச் சொல்கிறோம். நேயர்கள் விரல் விட்டு எண்ணிக்கொள்ளட்டும்.

முதலில் கிழக்கே இருக்கும் கானாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே ரெஸொலூட் என்ற ஊருக்குப் போக வேண்டும். 380 கிலோ மீட்டர். போக வேண்டிய ஊரைவிட இதுவே தூரம் அதிகம். அந்த விமானமும் தினந்தோறும் கிடையாது. வாரத்தில் சில நாட்களே. அங்கிருந்து தெற்கே இக்காலூயிட்; 1,570 கிலோ மீட்டர். அங்கிருந்து கானடாவின் தலைநகரான ஆட்டாவா; 2,100. அங்கிருந்து, நடுவில் ஓரிடத்தில் விமானம் மாறி, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன், குறைந்தது 5,900. போன வழியிலேயே பாதிச் சமுத்திரத்தைத் திரும்பவும் தாண்டிக் கிரீன்லாந்தின் தலைநகரான நூக், 3,540. அங்கிருந்து வடக்கே இலுலிஸாட், 560. கடைசியாகக் கானாக், 1,070.

மொத்தம் 15,000 கிலோ மீட்டருக்கு மேல் ஆகிறது! பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அதிகம். 360 கிலோ மீட்டருக்குப் பதிலாக நாற்பது மடங்கு. ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமே ஏறக்குறைய ஒரு முழு நாள். விமானத்துக்காகக் காத்திருக்கும் நாட்களையும், மூடுபனியும் புயலும் தடுத்து நிறுத்தும் நாட்களையும் சேர்த்தால், ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தவர் அதிர்ஷ்டசாலி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம்மவர்கள் சொல்வார்கள். இந்தப் பிரயாணி தலையை மட்டுமா சுற்றுகிறார்? பக்கத்து வீட்டுத் தலைகளையும் சேர்த்தல்லவா சுற்றுகிறார்!

குறுக்கு வழியே இல்லையா என்று கேட்கலாம். அவ்வப்போது தோன்றி மறைவதுண்டு. இக்காலூயிட்டுக்கும் நூக்குக்கும் நடுவே 2012-ல் கோடைக்கால விமானம் ஒன்று தொடங்கிச் சில வருஷத்தில் நின்று போயிற்று. பிறகு 2024-ம் வருஷத்துக் கோடையில் வாரம் ஒரு முறை மறுபடியும் பறந்தது. அந்த விமானம் பறக்கிற நாளில்கூட, மேற்கே போய்த் தெற்கே இறங்கிக் கிழக்கே தாண்டி வடக்கே ஏற 4,400 கிலோ மீட்டராகிறது. ஐயோ பாவம், நாற்பது மடங்கு பன்னிரண்டு மடங்காகக் குறைந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

✻

"144 பேர் உள்ள ஊருக்கும் 650 பேர் உள்ள ஊருக்கும் நடுவே யார் விமானம் விடுவார்கள்? கட்டுப்படி ஆகவேண்டாமா?" என்று விவகார ஞானம் உள்ளவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். விமானம் ஒன்றும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பறப்பதில்லை. இரண்டும் வேறு வேறு ராஜ்யங்களானபடியால் சுங்கமும் அநுமதிச் சீட்டும் பார்ப்பதற்கு உத்தியோகஸ்தர்கள் வேண்டும். அந்தச் செலவு வேறு.

ஆனால் ஜனங்கள் குறைவு என்பதே தடையாகுமா என்பதற்கு வேறொரு மூலையிலிருந்து பதில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்ற தீவுக் கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தீவுகள். பின்னதில் நூறு பேருக்கும் குறைவாகவே வசிக்கிறார்கள். இரண்டு விமானத் தளங்களுக்கும் நடுவே உள்ள தூரம் 2.7 கிலோ மீட்டர். அந்தத் தூரத்துக்கு 1967 முதல் விமானம் போய்க்கொண்டிருக்கிறது. கால அட்டவணையில் குறித்திருக்கும் பிரயாண நேரம் இரண்டு நிமிஷம். காற்று சாதகமாயிருந்தால் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே முடிந்ததும் உண்டு. உபாத்தியாயரும் வைத்தியரும் நோயாளியும் அதில்தான் போய் வருகிறார்கள். டிக்கட் வருமானத்தால் அது பறக்கவில்லை. பொதுப் பணம் கைகொடுப்பதால் பறக்கிறது. அந்தத் தீவில் ஜனங்கள் தொடர்ந்து வாழ வேண்டும் என்று பொறுப்புள்ளவர்கள் நினைத்ததனால் பறக்கிறது.

ஆகவே, விமானம் எங்கே பறக்கும் என்பதைத் தீர்மானிப்பது தலைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. யாரை யாரோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று சர்க்கார்கள் நினைக்கின்றனவோ, அந்த நினைப்பும் தீர்மானிக்கிறது. கிரைஸ் ஃபியோர்டை ஆட்டாவாவோடு சேர்க்கக் கானடா பொதுப் பணத்தைச் செலவழிக்கிறது. கானாக்கை நூக்கோடும் கோபன்ஹேகனோடும் சேர்க்க அந்தப் பக்கத்தார் செலவழிக்கிறார்கள். இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் வழிகள் எல்லாம் தெற்கே தலைநகரத்தை நோக்கிப் போகின்றன. அண்டை வீட்டை நோக்கி ஒரு வழியும் இல்லை.

✻

இந்த இரண்டு கரைகளும் என்றைக்குமே இப்படிப் பிரிந்திருந்தன என்று எண்ணிவிடக் கூடாது.

1850-களில் கானடாவைச் சேர்ந்த பாஃபின் தீவிலிருந்து கித்லார்சுவாக் என்ற பெரியவர் ஒருவர் புறப்பட்டார். மந்திர சக்தி உள்ளவர் என்று பெயர் பெற்ற தலைவர். கடலுக்கு அப்பால் தங்களைப் போன்ற ஜனங்கள் இருப்பதாக ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் மூலம் தெரிந்துகொண்டு, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகச் சில பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் வடக்கே கிளம்பினார். வழியில் வருஷங்கள் கழிந்தன. சிலர் மனம் தளர்ந்து திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் 1860-களின் தொடக்கத்தில் உறைந்த கடலைத் தாண்டிக் கிரீன்லாந்துக் கரையை அடைந்தார்கள்.

அங்கே இருந்த இனுகுயிட் ஜனங்கள் அப்போது நலிந்திருந்தார்கள். 'கயாக்' என்னும் தோல் படகு செய்யும் வித்தை, வில்லும் அம்பும் செய்யும் வித்தை, ஆற்றில் மீன் குத்தும் ஈட்டி செய்யும் வித்தை இவைகளெல்லாம் அவர்களிடையே மறைந்து போயிருந்தன. வந்தவர்கள் அவற்றைத் திரும்பவும் கற்றுக்கொடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கித்லார்சுவாக் முதுமையில் பிறந்த மண்ணைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பும் வழியிலேயே காலமானார். அவருடன் வந்தவர்களின் வம்சத்தார் இன்றைக்கும் கானாக் பக்கத்தில் இருக்கிறார்கள். கானாக்கின் பேச்சு, தெற்குக் கிரீன்லாந்தின் பேச்சைக் காட்டிலும் கானடாக் கரையின் பேச்சுக்கு நெருங்கிய சாயலுடையது.

அந்தப் பிரயாணத்துக்கு வருஷக் கணக்கில் ஆயிற்று என்பது வாஸ்தவம். ஆனால் வழி திறந்திருந்தது. போக வேண்டும் என்று தீர்மானித்தவனைத் தடுக்கக் குளிரும் பசியும் உண்டே தவிர, வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகும் கிரீன்லாந்து வேடர்கள் உறைந்த கடலைத் தாண்டி எல்ஸ்மியர் தீவுக்குச் சென்று கஸ்தூரி மாடு வேட்டையாடி வருவது வழக்கமாயிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தேசப் படத்துக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்ஸ்மியர் தீவு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு எழுந்தது. கிரீன்லாந்து வேடர்களின் வேட்டையைக் கானடா ஆட்சேபித்தது. அது யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. 1922-ல் கானடா சர்க்கார் தீவின் தென்கிழக்கு மூலையில் ஒரு போலீஸ் ஸ்டேஷனைத் திறந்தார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோ மீட்டருக்கு ஒரு குடும்பம்கூட இல்லாத இடத்தில் போலீஸ் ஸ்டேஷன்! வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலீஸாருக்குப் பனியில் வழிகாட்டவும் வண்டி ஓட்டவும் கிரீன்லாந்திலிருந்தே இனுகுயிட் ஆட்களை அமர்த்திக்கொண்டார்கள். வழியை அடைக்கிறவனுக்கும் வழி தெரிந்தவன் தயவு வேண்டியிருக்கிறது.

✻

பிறகு 1953 வந்தது. இரண்டு ஊர்களும் பிறந்த வருஷம் அது. இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே மாதிரியாகப் பிறந்தன.

கிரீன்லாந்துக் கரையில் தூலே என்னும் இடத்தில் அமெரிக்கர்கள் பெரிய விமானத் தளம் அமைத்திருந்தார்கள். அதை விஸ்தரிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உம்மன்னாக் என்ற கிராமத்தில் 27 குடும்பங்கள், 116 பேர் இருந்தார்கள். அந்த வருஷம் மே மாதக் கடைசியில் அவர்களுக்குச் சில நாள் தவணை கொடுத்து, வீடுகளை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். சுமார் 100 கிலோ மீட்டர் வடக்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அதுதான் கானாக். அடுத்த மாதம் 5-ம் தேதி அமுலுக்கு வந்த புதிய அரசியல் சட்டம் கிரீன்லாந்துக்காரர்களை டென்மார்க்கின் சரிசமமான பிரஜைகள் ஆக்கியது. உரிமை வீட்டுக்கு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை!

அவர்கள் தாமாகவே போனார்கள் என்று டென்மார்க் சர்க்கார் வெகு காலம் சொல்லி வந்தார்கள். 1999-ல் அந்நாட்டு நீதிமன்றம் அது பலவந்தமான வெளியேற்றமே என்று தீர்ப்புக் கூறிற்று. அந்த வருஷமே பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஊருக்குப் பொதுவாக 5 லட்சம் குரோனரும், ஆளுக்கு வயதைப் பொறுத்து 15,000 அல்லது 25,000 குரோனரும் நஷ்ட ஈடு கிடைத்தது. 2003-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய மண்ணுக்குத் திரும்பும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

எதிர்க்கரையில் அதே 1953-ல், கானடா சர்க்கார் சுமார் 2,000 கிலோ மீட்டர் தெற்கே இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து சில குடும்பங்களையும், பனிக்காட்டில் வாழ அவர்களுக்குத் துணையாகப் பாண்ட் இன்லெட் என்ற ஊரிலிருந்து வேறு சில குடும்பங்களையும் கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். 1955-ல் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. மொத்தம் ஏறக்குறைய 90 பேர். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. சிலர் எல்ஸ்மியருக்கு, சிலர் ரெஸொலூட்டுக்கு என்று பிரிக்கப்போகிற செய்தி கப்பலில் வைத்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. தெற்கே மானும் பறவையும் பழமும் கண்டவர்கள், சூரியனே இல்லாத குளிர்காலத்தில் கூடாரத்தில் கிடந்தார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்று கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை.

1922-ல் வெளிவந்து உலகமெங்கும் ஓடிய 'நானூக்' என்ற பேசாப் படத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இனுக்ஜுவாக் பக்கத்தில் எடுத்த படம் அது. அதை எடுத்த ராபர்ட் ஃப்ளாஹர்ட்டிக்கு அவ்வூர்ப் பெண்ணிடம் பிறந்த மகன் ஜோஸெஃபி. தகப்பனாரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. 1955-ல் கிரைஸ் ஃபியோர்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தகப்பனார் எடுத்த படத்தில் எஸ்கிமோவின் சிரித்த முகத்தை உலகம் பார்த்து மகிழ்ந்தது. மகன் எங்கே போனார் என்று உலகம் கேட்கவில்லை.

இனுக்ஜுவாக்கில் வேட்டை குறைந்து போயிற்று, ஜனங்களின் நன்மைக்காகவே செய்தோம் என்பது சர்க்கார் சொன்ன காரணம். வெறும் பனியில் கானடாவின் கொடியை நட்டால் போதாது, கொடிக்குக் கீழே குடி வேண்டும் என்பதற்காக எங்களை மனிதக் கொடிக் கம்பங்களாக நட்டார்கள் என்பது வந்தவர்கள் சொல்லும் காரணம். 1994-ல் ராயல் கமிஷன் ஒன்று விசாரித்து அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துக் கூறிற்று. 1996-ல் 1 கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. 2010 ஆகஸ்ட் 18-ம் தேதி கானடா சர்க்கார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வருஷமே கிரைஸ் ஃபியோர்டின் கடற்கரையில் ஒரு ஞாபகச் சிலை திறக்கப்பட்டது. அவ்வூர்ச் சிற்பி லூட்டி பிஜாமினி செதுக்கியது. ஒரு தாயும் குழந்தையும் நாயும் நிற்கிறார்கள்.

✻

மன்னிப்புக் கேட்டாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, எல்லைத் தகராறும் ஏறக்குறையத் தீர்ந்தது. இரு கரைக்கும் நடுவே ஹான்ஸ் தீவு என்று 1.3 சதுர கிலோ மீட்டர் பாறை ஒன்று உண்டு. 1973-ல் கடல் எல்லை வகுத்தபோது அதை யாருக்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிற்பாடு டென்மார்க்கார் அங்கே சென்றால் தங்கள் கொடியை ஏற்றி ஒரு மதுப் புட்டியை வைத்துவிட்டு வருவதும், கானடாக்காரர்கள் சென்றால் அதை அகற்றித் தங்கள் கொடியையும் தங்கள் புட்டியையும் வைப்பதுமாக வெகு காலம் 'யுத்தம்' நடந்தது. 2022 ஜூன் 14-ம் தேதி பாறையை ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாறைமேல் மட்டும் இனூயிட் ஜனங்கள் பழையபடி போய்வரலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். நல்ல செய்தி. ஆனால் பாறையில் அண்ணன் தம்பிகள் இல்லையே! அவர்கள் இருப்பது கிரைஸ் ஃபியோர்டிலும் கானாக்கிலும் அல்லவா?

இரு கரை இனூயிட் தலைவர்களும் சேர்ந்து ஏற்படுத்திய கமிஷன் ஒன்று, ஊர் ஊராகச் சென்று ஜனங்களைக் கலந்து 2017-ல் அறிக்கை வெளியிட்டது. நடுவிலுள்ள கடலைத் தாங்களே பராமரிக்க வேண்டும், இரு கரைக்கும் தடையின்றிப் போக்குவரத்து வேண்டும் என்பவை அதன் முக்கியமான கோரிக்கைகள். அந்தக் கடலின் வடக்கே குளிர்காலத்தில் பனிக்கட்டி வளைவு கட்டி நிற்கும். அதனால்தான் பாலம் என்று அதற்குப் பெயர். கித்லார்சுவாக் வந்த வழியும் அதுதான்.

அவசரப்பட வேண்டிய காரணம் ஒன்றும் இருக்கிறது. உலகத்தின் சூடு ஏற ஏற அந்தப் பனிப் பாலம் நம்பத் தகாததாகி வருகிறது. 2007-ல் வளைவு கட்டவே இல்லை. 2017-லும் 2019-லும் கட்டியது சீக்கிரத்திலேயே உடைந்துவிட்டது. 'ஒரு நாளும் உருகாத இடம்' என்று பெயர் வைத்த ஊரிலேயே உருகத் தொடங்கினால் என்ன செய்வது? முன்னோர்கள் நடந்த வழியை அரசியல் அடைத்தது. இப்போது இயற்கையும் அழித்து வருகிறது. மிஞ்சியிருப்பது ஆகாய வழி ஒன்றுதான். அதைத் திறப்பது துருவத்துப் பனிக்கட்டியின் கையில் இல்லை. இரண்டு சர்க்கார்களின் கையில் இருக்கிறது.

தினந்தோறும் வேண்டாம், வாரந்தோறும் வேண்டாம். மாதம் ஒரு முறை, ஒரு சின்ன ட்வின் ஆட்டர் விமானம் போதும். ஒரு கிழவி தன் பாட்டியின் பாட்டி பிறந்த கரையைப் பார்க்கலாம். ஒரு பையன் கயாக் கட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டு வரலாம். அல்லது கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம். ஒரு கல்யாணம்கூட நிச்சயமாகலாம். இரண்டு சர்க்கார்களும் இதுவரை கேட்ட மன்னிப்பு எல்லாம் நடந்து போனதற்காகக் கேட்டது. பிரித்ததற்குப் பரிகாரம் சேர்த்து வைப்பதுதான்.

அதுவரையில் கணக்கு யந்திரம் "360 கிலோ மீட்டர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது பூமியின் கணக்கு. 15,000 கிலோ மீட்டர் என்பது மனிதர்கள் போட்ட கணக்கு. பூமியின் கணக்கை நாம் மாற்ற முடியாது. மனிதர்கள் போட்டதை மனிதர்கள் திருத்தலாம்.